சோற்றுக்கு முன் நான் சத்தமாகச் செய்த ஜெபம்

இன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், பட்டாளத்துக்காரர் ஒருவரின் மனைவி (அவர்தான் விருந்தாளி), அவருடைய ஏழு வயது மகள். பெயர் எழுதவில்லை. இன்றைக்கு நான் வெளியே சொன்னதே போதும்.

வடகரப்பதியில் எங்கள் சபையார், கணவர் ராணுவத்தில் இருக்கும் குடும்பங்களை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முறைவைத்துச் சாப்பிட அழைப்போம். இந்த வாரம் என் முறை.

வருகிறவர்களுக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதிவைப்பேன். அந்த அம்மா போனில் சொன்னதையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன்.

சோறு போட்டதும் நோட்டைப் பார்த்துச் சத்தமாக ஜெபித்தேன். "கர்த்தாவே, எல்லையில் காவல் நிற்கும் இந்தப் பிள்ளையின் அப்பாவைக் குண்டுக்கும் பனிக்கும் விலக்கிக் காத்தருளும்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் குழந்தை என்னையே பார்க்கிறாள்.

"எங்கப்பா பெங்களூர் ஆபீஸ்லதானுங்க இருக்காரு," என்றாள். பிறகு தாயிடம், "ஏம்மா, அப்பாவைச் சுடுவாங்களா?"

தாய் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கை கழுவும்போதுதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவளுக்குத் தெரியாதுங்கக்கா. தெரிஞ்சா தூங்க மாட்டாள்னு மறைச்சு வெச்சிருந்தேன்."

அவர்கள் போன பிறகு என் கணவர் கேட்டார்: "ஆண்டவருக்கு விவரம் தெரியாதுன்னுதான் படிச்சுக் காட்டுனியா?"

குழந்தை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

நாளை காலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பட்டாளத்துக்காரர் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

'ஜெபிக்கிறோம்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்று இரவுக்குள் பதில் எழுதுங்கள்.