கையெழுத்து இல்லாத படிவமும் என் குடலும்

செங்கல்பட்டில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பேத்தாலஜி லேபின் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'யூனிட் தலைவர் கையொப்பமிட்ட படிவம் இல்லாத மாதிரிகள் எக்காரணம் கொண்டும் பெற்றுக்கொள்ளப்பட மாட்டா.' அங்கே தலைமை டெக்னீஷியன் நான்; வாசகம் என்னுடையது. 'எக்காரணம் கொண்டும்' என்பதைச் சிவப்பில் எழுதச் சொன்னதும் நான்தான். அதற்கு முன்பெல்லாம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் பாட்டில்களுக்குப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. ஒருமுறை ஒரே நோயாளியின் பெயரில் இரண்டு பித்தப்பைகள் வந்தன. மனிதனுக்கு ஒன்றுதான் உண்டு என்று சொன்னேன். கொண்டுவந்த தியேட்டர் ஊழியர் அசரவில்லை. "அண்ணாத்த, எனக்கு இன்னா தெரியும்? குடுத்தாங்கோ, கொண்ணாந்தேன்" என்றார். அன்று மாலையே பலகைக்குச் சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு போகியன்று, எனக்குக் குடல் அடைத்துக்கொண்டது. ஊரே பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருந்த காலை நேரத்தில், என் மனைவி என்னை ஆட்டோவில் போட்டு நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். அவசர ஆபரேஷன். பெருங்குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். பொங்கல் விடுமுறையெல்லாம் முடிந்து, எங்கள் லேபிலிருந்தே ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய், பக்கத்து நெறிக்கட்டுகளில் இரண்டுக்குப் பரவியிருந்தது. ரிப்போர்ட்டில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். வேறு எதைக் கவனிப்பது என்று அப்போது தெரியவில்லை.

ஆறு மாதம் ஊசி மருந்து. பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டேன். சோதனைக்குப் போகும்போதெல்லாம் சர்ஜன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷம் தாண்டட்டும் சார், பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலாம்' என் மனைவியின் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

மூன்று வருடம் கழிந்தபோது எங்கள் மகள் படூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. வைகாசியில் முடித்துவிடலாம் என்றார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டுமே, யாரு வேணாம்னா" என்று பையனின் அம்மா சொன்ன தொனியிலேயே, படிப்பு அத்தோடு சரி என்று தெரிந்தது. மகளுக்கும் தெரிந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"நீங்க இருக்கறப்பவே ஒரு நல்லது நடந்துட்டா..." என்றாள் மனைவி.

"இருக்கறப்பவேன்னா? நான் எங்க போறேன்?"

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்போ? எதுக்கு மொறைக்கிறீங்க?"

பங்குனிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் லேபுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். வந்த வாரமே பழைய பீரோக்களைத் திறக்கச் சொன்னார். வெட்டியெடுத்த சதையை, கெடாமல் இருக்க, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாகச் செய்து வைப்போம். அதற்கு பிளாக் என்று பெயர். அதிலிருந்து மெல்லிய தோலாகச் சீவிச் சாயம் ஏற்றித்தான் டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மிச்சம் பீரோவில் கிடக்கும். ஆள் போனாலும் பிளாக் இருக்கும். அவர் கேட்டது பெருங்குடல் புற்றுநோய் பிளாக்குகள், பல வருடத்தவை.

"இதுல ஒரு புரதத்தைத் தேடப்போறேன் சார்," என்றார். "சாதாரண செல் எல்லாத்துலயும் அது இருக்கும். சில கட்டிகள்ல மட்டும் காணாமப் போயிடும். அப்படிக் காணாமப் போனவங்க அதிக நாள் உயிரோட இருக்காங்கன்னு கட்டுரைகள் வருது. நம்ம ஊர்ல அப்படித்தானான்னு பார்க்கணும்."

"இருந்தா?"

"இருந்தா கொஞ்சம் கவலை."

அவர் கொடுத்த பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். பதினேழாவது வரியில் இருந்தது என் பிளாக்கின் எண். என் ரேஷன் கார்டு எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை, இது மனப்பாடம். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் உள்ளதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்துக் கொடுத்தேன்.

சீவியதும் நான்தான். என் குடலை நானே சீவினேன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் இருக்காது. ஃபார்மலின் புரதங்களை இறுக்கிப் பிடித்துவிடும். கொதிக்கவைத்தால்தான் அவை பிடி தளரும். அதற்கென்று வெளிநாட்டில் கருவி இருந்தது. எங்களிடம் என் வீட்டு நாலு லிட்டர் குக்கர் இருந்தது. மனைவி அதைக் கொடுத்துவிட்டு, "இனிமே அது வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள். மூன்று விசில் விட்டு, ஆறவைத்து, புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மருந்தைச் சொட்டி, சாயம் ஏற்றினோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். இல்லாத இடம் வெளிர் நீலமாகவே நிற்கும்.

டாக்டரம்மா ஸ்லைடுகளை வேகவேகமாகப் பார்த்தார். "இருக்கு... இருக்கு... இருக்கு..." நான் எழுதிக்கொண்டு வந்தேன். பதினேழாவது ஸ்லைடில் கொஞ்சம் நிறுத்தினார். "இதுல இல்ல சார். சுத்தமா இல்ல. கொடுத்துவச்சவர்."

'இல்லை' என்று எழுதினேன். அதற்கடுத்த கட்டத்திலும் 'இல்லை' என்றே எழுதி, அடித்துத் திருத்தினேன். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் அதுதான் முதல்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் சொல்லிவிட்டேன். நல்ல சேதியைச் சரிபார்க்காமல் சொன்னதும் என் வாழ்க்கையில் அதுதான் முதல். அவள் புரதம் கிரதம் எதையும் கேட்கவில்லை.

"அப்போ நீங்க இருப்பீங்களா?"

"இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்றாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டாள். பொண்ணு படிப்பை முடிக்கட்டும், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், காத்திருக்க முடிந்தால் பார்க்கலாம் என்றாள். உள் அறையில் மகள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வடை இருந்தது.

மறுநாள் ஸ்லைடுகளை அடுக்கி வைக்கும்போது, பழக்கதோஷம், பதினேழாவதை மட்டும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கட்டி வெளிர் நீலமாக இருந்தது. சரி. அதை ஒட்டி ஒரு ஓரத்தில் கட்டியில்லாத நல்ல குடல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அங்கே புரதம் கட்டாயம் இருக்கவேண்டும், பழுப்பு ஏறியிருக்கவேண்டும். அங்கேயும் வெளிர் நீலம். நல்ல செல்லிலும் சாயம் பிடிக்கவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அந்தத் திசுவில் புரதமே கெட்டுப்போய்விட்டது. கட்டியில் இல்லை என்பதும் செல்லாது. தெருவுக்கே கரண்ட் போயிருக்கும்போது ஒரு வீட்டைக் காட்டி அங்கே ஆள் இல்லை என்று சொல்கிற கதை.

கெட்டுப்போகக் காரணம் என்ன? பழைய வரவுப் பதிவேட்டை எடுத்தேன். போகி நாள். என் பெயருக்கு நேரே, எனக்கு அடுத்த நிலையில் இருந்த டெக்னீஷியனின் கையெழுத்தில், 'யூனிட் தலைவர் கையொப்பம் இல்லை. திருப்பி அனுப்பப்பட்டது' என்று இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த யூனிட் தலைவர் திரும்பி வந்து கையெழுத்திட்டு, நாலு நாள் கழித்து மறுபடி வரவு. விசாரித்ததில், இடையில் என் குடல் தியேட்டரில் ஒரு நாள் முழுக்க வெறும் உப்புத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. பிறகு யாரோ ஒரு நர்ஸ் பரிதாபப்பட்டு ஃபார்மலின் ஊற்றியிருக்கிறார்.

அந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், என்னைவிட நாலு வயதுதான் சின்னவர்.

"என் பேருன்னு பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன் சார். அதனாலதான் சார் திருப்பினேன். உங்க பாட்டில்னு சலுகை காட்டினா, தேறி வந்ததும் நீங்களே எனக்கு மெமோ குடுப்பீங்களேன்னு..."

கொடுத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஸ்லைடை அப்படியே பெட்டியில் வைத்து மூடியிருக்கலாம். டாக்டரம்மா ஏற்கெனவே எழுதி முடித்த வரி. யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. மத்தியானம்வரை மூடித்தான் வைத்திருந்தேன். பிறகு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "நல்ல செல்லையும் பாருங்க டாக்டர்."

பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இதை எப்படி விட்டேன்? சார், தேங்க்ஸ். யாரோட கேஸ் இது?"

"என்னோடது."

அவர் ஸ்லைடைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். அப்புறம், "இன்னொரு பிளாக்ல சீவிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார். பார்த்தோம். குக்கரில் ஐந்து விசில் விட்டும் பார்த்தோம். எல்லாம் ஒரே பாட்டிலில் கிடந்த சதைதானே. பதினேழாவது வரியை ஆய்விலிருந்து நீக்கினார். காரணம் என்ற இடத்தில் 'மாதிரி தகுதியற்றது' என்று என்னையே எழுதச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நானே வாங்கி எழுதினேன்.

லேபில் திருத்தினேன். வீட்டில் திருத்தவில்லை. சொன்னால் மறுபடி கூடுவாஞ்சேரிக்குப் போன் போகும். ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மகள் காலை ஆறரை மணிக்குக் கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க, தலையைப் பின்னிக்கொண்டே ஓடுவாள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒன்றுதான். அதுவரை ஒவ்வொரு சோதனைக்கும் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, நல்ல சேதிக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். "அதான் உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே" என்பாள். நான் தனியாகப் போய், தனியாக உட்கார்ந்து, ரிப்போர்ட் வாங்கும்வரை எதிர்ச் சுவரில் இருக்கும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பலகையில் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'படிவம் குறைபாடாக இருப்பின், மாதிரியை முதலில் ஃபார்மலினில் இட்டு, பிறகு படிவம் கோரப்படும்.' அதையும் சிவப்பில்தான்.

மகள் கடைசிப் பரீட்சை எழுதி, கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். என் ஐந்து வருடமும் அந்தத் தையிலேயே தாண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ்ஸில் போனோம். கடற்கரையில் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மிளகாய் பஜ்ஜி பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். போகியிலிருந்து ஆரம்பித்து, வரிசையாக.

அவள் பஜ்ஜியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் விரலில் இறங்கியது.

"அப்போ அந்த டாக்டரம்மா சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. தெரியலன்னுதான் அர்த்தம். இருக்குதா இல்லையான்னு சொல்ல முடியாது."

"தெரியாமயே ரெண்டு வருசம் நானு நிம்மதியா தூங்கினு இருந்தேன். நீங்க முழிச்சினு இருந்தீங்க."

"ஆமா."

"பாட்டில யாரு திருப்பி அனுப்ச்சது?"

"பலகை" என்றேன்.

"பலகைய யாரு எழுதனது?"

நான் கடலைப் பார்த்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பஜ்ஜியை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செங்கல்பட்டு நெருங்கும்போதுதான் திரும்பினாள்.

"அடுத்த செக்கப்பு எப்போ?"

"ஆவணியில."

"நானும் வரேன்" என்றாள். அப்புறம், முகத்தில் கோபம் கொஞ்சமும் குறையாமலே, "கையெழுத்து இல்லன்னு என்னிய திருப்பி அனுப்பாம இருந்தா சரி" என்றாள்.

ஆவணியில் வந்தாள். விரிசல் இருந்த சுவருக்கு எதிரே, அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.