கருட சேவையன்று வந்த இட்லி

சித்தப்பாவைப் பிரிந்து சித்தி எங்கள் செவிலிமேட்டு வீட்டுக்கே வந்துவிட்டபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா தலை வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். சித்தி வாரினால் தூக்கம் வரும். அவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் ஒரே கவலை.

கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று, சித்திக்கு டைவர்ஸ் ஆகிவிட்டதா என்று அப்பாவைக் கேட்டேன்.

"இல்லமா. டைவர்ஸுன்னா கல்யாணமே முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். இது தனித்தனியா இருக்கறதுக்குக் குடுத்த உத்தரவு. இன்னும் புருசன் பொண்டாட்டிதான், வேற கல்யாணம் பண்ணிக்க முடியாது. ஒரு வருசம் சேராமலே இருந்தா டைவர்ஸ் கேக்கலாம். அதுக்குள்ள மனசு மாறி சேந்துக்கினா நல்லது."

யாருக்கு நல்லது என்று அப்பா சொல்லவில்லை. நான் காலண்டரில் நாட்களை அடிக்கத் தொடங்கினேன்.

பதினோராவது மாதம் வைகாசி கருட சேவை வந்தது. கல்யாணமானதிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை. அந்த முறை தலைவலி என்று சித்தி வீட்டிலேயே இருந்துவிட்டாள். துணைக்கு நான். விடிந்ததும் தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, முடி உலர்த்த மாடிக்குப் போனாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சித்தப்பா நின்றார், கையில் மந்தாரை இலையில் கட்டிய, சுக்கு மணக்கும் கோயில் இட்லி.

"சித்தி இருக்குதாமா?"

"எல்லாரும் கருட சேவைக்குப் போயிருக்காங்க சித்தப்பா."

"நான் வந்தேன்னு மட்டும் சொல்லுமா" என்று பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

தடயம் இருக்கக் கூடாதே. அவ்வளவு இட்லியையும் தின்று தீர்த்து, இலையைக் குப்பையில் அமுக்கினேன்.

சித்தி இறங்கி வந்தாள். "சுக்கு வாசன வருதே. யாராச்சும் வந்தாங்களா?"

"பக்கத்து வீட்டுலேர்ந்து வருது சித்தி."

அவள் உள்ளே போய் நூல் புடவைக்கு மாறிக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க எனக்கு வயிற்றுவலி. சித்திதான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

வருடம் முடிந்தது. சித்தியே மனுப் போட்டாள், விவாகரத்து ஆயிற்று. ஜெயித்தது நான்தான் என்று நினைத்தேன். இன்றும் அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அவர் வந்துபோனதை இன்னும் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது. தலைவலிக்காரி யாரும் விடிகாலையில் குளித்துப் பட்டு கட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.