அக்காவுக்கு வாங்கிய லாவண்டர் மெழுகுவர்த்தி

இன்று அக்காவின் பிறந்தநாள். வேலை முடிந்த களைப்போடு, கண்ணாடிக் குடுவையில் வரும் விலையுயர்ந்த லாவண்டர் மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கிக்கொண்டு முடிச்சூரில் அவள் வீட்டுக்குப் போனேன்.

ஏற்றி முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாதான் கீது. ஆனா மெழுகுவத்தின்னா எனக்கு முடி கருகுற நாத்தம்தான்டா ஞாபகம் வருது."

தொண்ணூறுகளில் ஒரு வருடம் எனக்குப் பத்தாவது, அவளுக்கு பிளஸ் டூ. கரண்ட் போனால் வீட்டில் ஒரே மெழுகுவர்த்திதான். அப்பா அதை என் பக்கம் நகர்த்தி வைப்பார். எட்டி எட்டிப் படிக்கையில் அவள் முன்முடி கருகும்.

நான் பாஸ். அவள் கணக்கில் ஃபெயில். அடுத்த மாதமே தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்பும்போது மெழுகுவர்த்தியை அணைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே எடுத்துகினு போடா. உன் பக்கம் இருந்துதான் அதுக்குப் பழக்கம்."

இப்போது என் மேஜையில் இருக்கிறது. லாவண்டர் பிடித்தவர்கள் யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?