ஜெயகௌரி ரீச்சரின் அட்டைகள்

நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஜெயகௌரி ரீச்சரை அறவே நம்பவில்லை. அச்சுவேலியிலிருந்து பண்டத்தரிப்புக்கு ஸ்கூட்டியில் வருகிற கணித ரீச்சர். பதினெட்டு வருடச் சேவை, அதில் ஏழு வன்னியில். ஆசிரியர் அறையில் வாய் திறக்க மாட்டார். கதைக்காத ஆள் எதையோ மறைக்கிற ஆள்தானே!

போன தவணை பத்தாம் தரத்தில் ஒரு புது வேலை தொடங்கினார். பிள்ளைக்கு ஒரு அட்டை. அட்டை நிறையக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொரு அட்டையிலும் வேறு மாதிரி. கரும்பலகையில் கேள்வியும் நான்கு விடைகளும் இருக்கும். தன் விடைக்குரிய பக்கம் மேலே வரப் பிள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும். ரீச்சர் போனை வகுப்புக்குக் குறுக்கே ஒருமுறை காட்டினால், எல்லாருடைய விடையும் போனில் வந்துவிடும். பக்கத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

அந்த வகுப்பில் என் மகள் நிவேதனாவும் இருக்கிறாள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் தவறினால் உயர்தர வகுப்புக்கே போக முடியாது. ரீச்சரோ போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பிள்ளைகளைப் படம் எடுக்கிறாரா? எடுத்து எங்கே அனுப்புகிறார்?

"உது என்ன ரீச்சர், போன் விளையாட்டு?" என்று கேட்டேன்.

"ஆருக்கு விளங்கேல்லை எண்டு பாக்கிறன் சேர்."

அவ்வளவுதான். என்ன திமிர்! நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்தான். அன்றைக்கே அதிபரிடம் இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். வகுப்பில் போன் கூடாது என்று அதிபர் நிறுத்திவிட்டார்.

ரீச்சர் சண்டைக்கு வரவில்லை. ஒரு கடதாசியை என் மேசையில் வைத்தார்.

"உங்கடை பிள்ளையின்ரை விடையள். வேறை ஒருத்தருக்கும் காட்டேல்லை. முகம் ஒண்டும் பதியாது சேர், அட்டை மட்டுந்தான்."

நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றிலும் நான்காவது விடை ஒன்றேதான்: 'எனக்கு விளங்கவில்லை.' நிவேதனா அதை இருபத்தாறு தரம் காட்டியிருந்தாள்.

என்னைப் பழி வாங்கத்தான் மனுசி இதைச் சோடித்திருக்கிறது என்று நினைத்தேன். ரியூசனில் முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளையல்லவா! வீட்டுக்குப் போய்க் கடதாசியை அவள் முன்னால் போட்டேன்.

"உது பொய்தானே?"

அவள் அழத் தொடங்கினாள். "உண்மை அப்பா. ரியூசனிலை பாடமாக்கித்தான் எழுதுறனான். அட்டையிலை காட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. ரீச்சர் பிறகு பேர் சொல்லாமல் திரும்பப் படிப்பிப்பா."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, நான் போனிலை விளையாடிக்கொண்டு திரியிறன் எண்டுதானே நினைப்பியள்."

வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை அதிபரிடம் ஓடினேன். அவர் கையை விரித்தார். "உங்கடை கடிதத்தை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பியாச்சு சேர். இனி என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

திரும்பி வரும்போது பத்தாம் தர வகுப்பைக் கடந்தேன். ரீச்சர் கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்றார். கையில் போன் இல்லை.

"விளங்கிச்சுதோ பிள்ளையள்?"

"ஓம் ரீச்சர்!" என்று முழு வகுப்பும் ஒரே குரலில் கத்தியது. அதில் என் மகளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.