கம்பி நீளம் குறைத்த கதை

கிட்டார் திருத்துகிறவனிடம் வருகிற எவரும் தன் கிட்டாரில் பிழை என்று சொல்வதில்லை. கம்பியில் பிழை, வெயிலில் பிழை, இல்லாவிட்டால் திருத்துகிறவனில் பிழை. நீங்கள் மணிக்கூடு திருத்தினாலும் பல் கட்டினாலும் இந்தப் பாட்டைப் பட்டிருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு விளங்கும்.

எனக்குப் பள்ளிக்கூடம் துண்டுப்பிரசுரம்தான். அரிசி ஆலை வாசல்களில் நின்று முழங்கிய தொண்டை இது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் போர் துரத்தக் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு இடம்பெயர்ந்தபோது ஆலையும் இல்லை, வேலைநிறுத்தம் செய்ய வேலையும் இல்லை. முன்பு தொழிற்சங்கக் கூட்டங்களில் கிட்டார் வாசித்த பழக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் பக்கத்தில் தகரம் இறக்கி இந்தத் தொழிலைத் தொடங்கினேன். மேடை இல்லாத பேச்சாளனுக்கு மேசையாவது வேண்டும்.

எட்டாத எஃப்

லெட்சுமியின் குடும்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. பிறகு எங்களோடு சேர்ந்து மல்லாவிக்கு ஓடி வந்தது. இங்கே ஒரு முன்பள்ளியில் கிட்டாரோடு பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. பொங்கல் கழிந்ததும் நேர்முகப் பரீட்சை. அவளிடம் குரல் இருந்தது, தாளம் இருந்தது, ஒரு பழைய கிட்டாரும் இருந்தது. எஃப் என்கிற பிடி மட்டும் இல்லை. கழுத்தின் தொடக்கத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளின் இடைவெளி மிக அகலமாக இருக்கும் இடத்தில், சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் அமத்திக்கொண்டு மற்ற விரல்களை எட்ட வைக்க வேண்டும். அவளுடைய கை சின்னக் கை.

பரீட்சைக் குழுவில் இருந்த சபாபதி மாஸ்டரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். மாஸ்டர் அவளுடைய உள்ளங்கையைச் சாத்திரம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கிட்டாருக்கு நீள விரல் வேணும். அது பிறப்பில வாறது" என்றாராம். பிறப்பு என்ற அந்தச் சொல்லைக் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலை நரைத்தது. கிட்டாரிலும் அதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. நான் ஏகாதிபத்தியத்தில் தொடங்கி ஒரு விளக்கம் கொடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் சரிங்கண்ணே, என் கைய இழுத்து நீட்ட முடியாது. கிட்டார இழுத்துக் குறைக்க முடியுமா?"

தோழரின் சமத்துவம்

குறைக்க முடியும். கழுத்தின் நுனியில் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கு நட் என்று பேர். பெட்டியின்மேல் அவை உட்காரும் துண்டுக்குப் பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவில் அதிரும் தூரம்தான் கம்பி நீளம். லெட்சுமியின் கிட்டாரில் அது இருபத்தைந்தரை அங்குலம். நீளம் கூடினால் பட்டிகள் விலகும், கம்பி இறுகும், சத்தம் தெறிக்கும். குறைந்தால் பட்டிகள் நெருங்கும், அதே சுருதிக்குக் கம்பி இளகும், விரலுக்குச் சுகம்.

ஆகவே கட்டையான ஒரு புதுக் கிட்டார் செய்து தரும்படி தச்சுவேலைத் தோழர் சிவபாதத்தைக் கேட்டேன். ஒரு காலத்தில் என்னோடு ஒரே பொலிஸ் கூட்டில் நுளம்புக்கடி பட்டவர். வேப்பம் பலகையில் கழுத்து, சைக்கிள் கம்பியை வெட்டிப் பட்டிகள், என்ன வடிவு! ஆனால் முதற் பட்டியிலிருந்து கடைசிப் பட்டிவரை எல்லா இடைவெளியும் ஒரே அளவு. எந்தப் பிடியைப் பிடித்தாலும் நாய்ச் சண்டை.

"தோழர், நட் பக்கம் அகலமாய் இருக்கவேணும், கீழ போகப் போகக் கணக்காய் ஒடுங்கவேணும், பன்னிரண்டாம் பட்டி சரி பாதியில நிக்கவேணும்" என்றேன். அவர் உளியைக் கீழே வைத்தார். நான் பணக்காரர்களின் பக்கம் தாவிவிட்டேனோ என்பதுபோல ஒரு பார்வை. "மேல இருக்கிறவனுக்கு விசாலம், கீழ இருக்கிறவனுக்கு நெருக்கம். இதைத்தானே தோழர் அந்த நாளில நாங்கள் எதிர்த்தது?"

அன்ரனின் குறுக்கு வழி

புதுக் கிட்டார் அடுப்புக்குப் போனது. பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அப்போதுதான் நாடகக் குழுவில் கிட்டார் வாசிக்கும் அன்ரன் வந்து சேர்ந்தான். வவுனியா இராணுவத் தடையைத் தாண்டிக் கிட்டார்க் கம்பி வருவது லேசான காரியமல்ல என்பதால், யாரிடமோ மண்டலின் கம்பிகளை வாங்கியிருக்கிறான். அவை கட்டை. பிரிட்ஜுக்கு எட்டவில்லை. கம்பி பிரிட்ஜுக்குப் போகாவிட்டால் பிரிட்ஜ் கம்பிக்கு வரட்டும் என்று அதைக் கழற்றி நாலு விரல் முன்னுக்குத் தள்ளி ஒட்டிவிட்டான்.

"லெட்சுமியக்கா, உங்கடையையும் இப்பிடிச் செய்யலாம். பசை என்னட்டை மிச்சம் இருக்கு" என்றான். அவளுடைய கண் மின்னியது. இருப்பது ஒரே கிட்டார். பட்டிகள் பழைய நீளத்துக்கு அளந்து பதித்தவை. பிரிட்ஜை மட்டும் நகர்த்தினால் பாதி பாதியாக இராது, ஒரு சுரமும் தன் வீட்டில் இராது. நான் அவன் கிட்டாரை அவன் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். லெட்சுமி பசைப் போத்தலை மெதுவாக மூடி வைத்தாள். அன்ரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "சும்மா விட்டா நல்லாத்தான் பாடுது அண்ணை, நான் கை வைச்சாத்தான் அழுது."

சீர்திருத்தம்

வழி கழுத்திலேயே இருந்தது. பிரிட்ஜை அசைக்காமல் நட்டை இரண்டாம் பட்டிக்குக் கொண்டுவந்தால் போதும். மிச்சப் பட்டிகளின் விகிதம் கலையாது. பழைய மூன்றாம் பட்டி புது முதற் பட்டி ஆகும். கம்பி நீளம் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். சுருதி ஒரு படி ஏறும். அதைத் திருப்பி இறக்கினால் கம்பி இளகும். இதே வேலைக்குக் கடையில் கழுத்தில் மாட்டும் ஒரு கவ்வி விற்பார்கள். எங்களுக்கு அந்தக் கடை ஓமந்தை இராணுவ எல்லைக்கு அப்பால் இருந்தது.

சிவபாதம் கழுத்தை அறுக்க வாளைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாள் தேவையில்லை என்றேன். முதல் இரண்டு பட்டிகளையும் பிடுங்கி, இரண்டாவது இருந்த இடத்தில் மாட்டெலும்பில் அராவிய புது நட்டை இருத்தினேன். கம்பிகளை ஏற்றி, சுருதி இறக்கி, லெட்சுமியிடம் நீட்டினேன். அவள் எஃப் பிடித்தாள். ஆறு கம்பியும் ஒருமிக்கப் பேசின. அவள் திரும்பவும் பிடித்தாள், திரும்பவும். சிவபாதம் மட்டும் வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, நான் தொழிலாளர் இயக்கத்தையே விற்றுவிட்டதுபோன்ற குரலில் சொன்னார்: "அறுக்காமல் மாத்தினால் அதுக்குப் பேர் சீர்திருத்தம், தோழர்."

வேலுப்பிள்ளையின் பிரேக்

இளகிய கம்பிக்கும் ஒரு குணம் உண்டு. இறுக்கம் போனதும் சோம்பல் வரும், பட்டியில் மோதி இரையும். என் பழைய சங்கத்து உறுப்பினர்களை எனக்கு நினைவூட்டியது. தடித்த கம்பி போட்டால் அடங்கும். தடித்த கம்பிக்கு எங்கே போவது? பக்கத்துச் சைக்கிள் கடை வேலுப்பிள்ளையிடம் பிரேக் கேபிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, இழைகளில் தோதான இரண்டைத் தேர்ந்து மெல்லிய கம்பிகளுக்குப் பதிலாக ஏற்றினேன். கீழ்ச்சுருதிக் கம்பிகளுக்கு நட்டைக் கொஞ்சம் உயர்த்தினேன். இரைச்சல் முக்கால்வாசி போனது. மீதிக் கால்வாசியைப் பிள்ளைகளின் கூச்சல் மூடிவிடும் என்று கணக்குப் போட்டோம்.

வேலுப்பிள்ளை படலையில் சாய்ந்து நின்று அவள் பாடியதை முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "என்ர கேபிளில இருந்து பாட்டு வருது. சனத்தின்ர சைக்கிளுக்குத்தான் இனி பிரேக் வராது."

நேர்முகம்

பரீட்சை நடந்த ஓலைக் கொட்டிலுக்குள் எனக்கு இடமில்லை. வெளியே நின்றேன், வாசலில் நிற்பது எனக்குப் பழக்கம். உள்ளே அதிபர் அம்மாவும் சபாபதி மாஸ்டரும். லெட்சுமி வாசித்தாள், பாடினாள். எஃப் வரும் இடத்தில் மாஸ்டர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது வந்தது, சுத்தமாக. அவர் அதே பாட்டை இன்னொரு தரம் கேட்டார். அது இன்னொரு தரமும் வந்தது. அதிபர் அம்மா காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தா.

மாஸ்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. "இஞ்சை தாரும் பாப்பம்" என்று கிட்டாரை வாங்கினார். அவருடைய நீளமான, தடித்த விரல்கள் ஒடுங்கிய பட்டிகளுக்குள், சின்ன வாங்கில் நெருக்கியடித்து இருக்கும் பெரியவர்களைப்போல, ஒன்றின் மடியில் ஒன்று ஏறின. எத்தனையாம் பட்டி என்று காட்டும் கழுத்துப் புள்ளிகளை நம்பிக் கையை நகர்த்தினார். அவை இரண்டு பட்டி பொய் சொல்லின. பிடித்த பிடி எல்லாம் வழுக்கியது. அதிபர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லெட்சுமி ரீச்சர், திங்கள் வாங்கோ" என்றா. மாஸ்டர் இன்னும் கிட்டாரை விடவில்லை. லெட்சுமி எழுந்து, கைகட்டி, மிக மரியாதையாக அவரிடம் சொன்னாள்: "அவசரப்படாதீங்க சேர், சின்ன வயசில இருந்து புடிச்சிருந்தா வந்திருக்கும்."

அரிசி ஆலை வாசல்களில் நான் தோற்ற போராட்டங்களைச் சொல்லத் தொடங்கினால் தாள் போதாது, வென்ற ஒன்றோ மூன்று அங்குலத்துக்கும் குறைவு.