கால் முளைத்த ஜப்பான் பேய்

என் அறைச் சுவரில் ஒரு ஜப்பான் பேய் தொங்குகிறது. மரப்பலகையில் செதுக்கி மெல்லிய தாளில் ஒற்றியெடுத்த பழைய படம். இருண்ட நீலத்தில் பலகையின் ரேகைகள்கூடத் தெரியும். கூந்தல் விரிந்த பெண்ணொருத்தி மிதக்கிறாள். இடுப்புக்குக் கீழே அவள் உடை புகையாகக் கரைந்துவிடுகிறது. அந்தப் புகைக்கு அடியில், படத்துக்குச் சற்றும் பொருந்தாமல், பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள். பருத்திக் காட்டில் நடந்து பழகிய அகலப் பாதங்கள்.

படத்தைக் கொண்டுவந்தவர் பட்டாளத்துச் சித்தப்பா. சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் சிறைப்பட்டவரிடமிருந்து தகவலே வராமல் போய், மம்சாபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் அவருக்கு இறந்தோர் பூசையும் வைத்தாகிவிட்டது. சித்தி மட்டும் தாலியைக் கழற்றவில்லை. சண்டை முடிந்து ஒரு மத்தியானம் அவர் தெருவில் வந்தபோது எல்லார் கண்ணும் முதலில் அவர் காலுக்குத்தான் போயிற்று. பேய்க்குத்தான் கால் கிடையாதே! சிறு பெண்ணாக இருந்த நானும் குனிந்து பார்த்தேன். பூட்ஸ் இருந்தது.

ஆனால் வந்தவர் வந்த மாதிரி இல்லை. முற்றத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, மலையில் மேகம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். மடியில் எந்நேரமும் அந்தப் படம். சிங்கப்பூரில் ஏதோ காலி வீட்டில் கண்டெடுத்ததாம். வீடே யாரோ காணும் கனவுக்குள் இருப்பதுபோல நாங்களும் மெல்லத்தான் பேசினோம். சித்தி இளைத்துக்கொண்டே போனாள். புருஷன் கிடைத்தும் கிடைக்காத துயரம் அவளுக்கு.

ஒரு சாயங்காலம் அவராகவே அவளிடம் பேசினார். "அவிய ஊர்லயும் பேய்க்குக் கால் கெடையாது, பாத்தியா. எங்கூட இருந்தவிய அம்புட்டுப் பேரும் அங்கயே கெடக்காவ. நானும் அங்கதான் கெடக்கேன் போல. இங்க வந்திருக்கது இவள மாதிரி ஒண்ணு."

சித்தி அழவில்லை. கோபம்தான் வந்தது. என் பள்ளிக்கூடப் பென்சிலைப் பிடுங்கினாள். படத்தை அவர் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, தன் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மிஞ்சியைக்கூட விடவில்லை.

"இந்தா, கால் வச்சாச்சு. அவ நடந்து அவ வீட்டுக்குப் போவட்டும். நீங்க எந்திரிங்க, கண்மாய் வரைக்கும் போயிட்டு வருவோம்."

சித்தப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, மிஞ்சி போட்ட பேயா?" என்று கேட்டவர் வெடித்துச் சிரித்தார். பிறகு காலைக் கீழே ஊன்றிச் செருப்பைத் தேடினார்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த ஓவியர் ஒருவர் இந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "அருமையான படம். யாரோ காலை வரைந்து கெடுத்துவிட்டார்களே" என்று வருத்தப்பட்டார்.

"எங்கள் சித்திதான் வரைந்தாள்" என்றேன். "அந்தக் காலால்தான் சித்தப்பா வீடு வந்து சேர்ந்தார்."