விலாசம் எழுதிய பக்கம்

அந்தச் சஞ்சிகைப் பக்கம் முழுவதும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவைத் திறந்தபடி, முத்துமாலை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பால் போத்தல்கள், முழுக் கோழி, பெயர் தெரியாத பழங்கள். உலகப்போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரமே வரவில்லை. எனக்கு அமெரிக்கா என்றால் பள்ளிக்கூடத்தில் கரைத்துத் தரும் பால்மா. அக்காவுக்கு இந்தப் படங்கள்.

அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி. அங்கிருந்த அமெரிக்க டொக்டர் அம்மா வாசித்து முடித்த சஞ்சிகைகளை அவளிடம் கொடுப்பார். அந்தப் படங்களில் ஒருவருக்கும் வியர்க்காது, ஒருவரும் கடனாளி இல்லை. அக்கா அதையெல்லாம் நம்பினாள் என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் வேலை முடிந்து, தானே கார் ஓட்டி வீடு திரும்பலாம் என்பதை மட்டும் நம்பினாள். டொக்டர் அம்மா நாடு திரும்பும்போது, அங்கே மேற்படிப்புக்கு ஒழுங்கு செய்வதாகச் சொல்லி, கையில் இருந்த சஞ்சிகையில், அந்தக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கத்தின் ஓரத்தில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எங்களைப் பெற்ற ஐயா கேட்டதும் கோபத்தில் துள்ளிக் குதித்தார். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பவே மாட்டேன் என்றார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் கொப்பிகளுக்கு உறை போடவேண்டும். அமெரிக்கச் சஞ்சிகைத் தாளென்றால் வகுப்பில் தனி மதிப்பு. எட்டு வயதில் எனக்கு வேறென்ன பெரிது? இருந்ததில் வடிவான அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கணக்குக் கொப்பிக்குப் போட்டேன். ஓரத்தில் இருந்த விலாசம் உள்ளே மடிந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து அக்கா தேடினாள். நேரே ஐயாவிடம் போய் நின்றாள்.

"நான் எடுக்கேல்லைப் பிள்ளை" என்றார் ஐயா.

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அவர்கள் போட்ட சத்தம் கேட்டு, உறையைக் கழற்றி அடுப்புக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரியில் விசாரித்தும் அந்த விலாசம் ஒருவரிடமும் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஐயா சாகும்வரை, பதினொரு வருடம், அக்கா அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஐயா அதே வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. முதலில் அடிக்குப் பயந்தேன்; பிறகு, இவ்வளவு காலம் மறைத்ததற்குப் பயந்தேன்.

அக்கா கல்யாணம் செய்யவில்லை. இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம், அமெரிக்காவில் தாதியாக இருக்கும் என் பேத்தி, வேலை முடிந்து வந்து வாசலில் நிறுத்திய காரை வீடியோவில் காட்டினாள். அக்கா போனை வாங்கி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. பேத்தி போனை வைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"ஐயா சாகக் கிடக்கேக்கை, என்னைக் கூட்டிவரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினவர்" என்றாள். "வேலை, வரேலாது எண்டு சொல்லிவிட்டன்."

சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"வேலை முடிஞ்சு சும்மாதான் இருந்தனான்."